புல்லட் 350-ல் பெரிய கார்புரேட்டர் மாட்டிய பிறகு ஐடிலிங் நிலையாக இல்லை, உதவி தேவை

தேனிக்காரன்_350 (வியாழன் இரவு)
எல்லோருக்கும் வணக்கம். புல்லட்டில் பெரிய கார்புரேட்டர் மாட்டியிருக்கிறேன். காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது. பத்து நிமிஷம் ஓடிச் சூடானதும் ஐடிலிங் (ஆக்ஸிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகம்) தானாக ஏறுகிறது. ஆக்ஸிலேட்டரை விட்டாலும் உடனே இறங்குவதில்லை, சைலன்சரில் பட் பட் என்று வெடிக்கிறது. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை இரண்டு சைஸ் மாற்றிப் பார்த்துவிட்டேன், பலனில்லை. ஞாயிற்றுக்கிழமை குலதெய்வம் கோயிலுக்கு இதில்தான் போக வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

லேத்_கோவை
எந்த வருஷத்து வண்டி? இரும்பு இன்ஜினா, அதற்குப் பின்னால் வந்ததா? கார்புரேட்டர் எது, துளை எத்தனை மில்லிமீட்டர்? சிலிண்டர் ஹெட்டில் நேராக போல்ட் போட்டு மாட்டியதா, நடுவில் மேனிபோல்டு (இணைப்புக் குழாய்) வைத்திருக்கிறீர்களா? பிளக் என்ன நிறம்? இதெல்லாம் தெரியாமல் எதைச் சொல்வது?

பாயிண்ட்செட்_பாலு
இது இக்னிஷன் கோளாறு. தீப்பொறி நேரத்தை முன்தள்ளும் அட்வான்ஸ் வெயிட்டின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் இப்படித்தான் ஐடிலிங் ஏறி நின்றுவிடும். பாயிண்ட் (தீப்பொறிக்காகத் திறந்து மூடும் தொடுமுனை) கேப் 0.35-லிருந்து 0.40 மில்லிக்குள் இருக்கிறதா பாருங்கள். கண்டன்சரையும் மாற்றிவிடுங்கள். கார்புரேட்டர் மேல் பழி போடும் வண்டிகளில் பாதி எனக்குப் பாயிண்டில்தான் சரியாகியிருக்கிறது.

வைகைக்கரை
பெட்ரோலையும் யோசியுங்கள் நண்பரே. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய ஜெட் சைஸில் கலவை லீன் (பெட்ரோல் குறைவு) ஆகத்தான் செய்யும்.

பெருசு_71
தம்பி, முதலில் அடிப்படையைத் தெரிந்துகொள்ளுங்கள். 350-ன் சிலிண்டர் விட்டம் 70 மில்லி, ஸ்ட்ரோக் (பிஸ்டன் போகும் தூரம்) 90, ஆக 346 சிசி. அதற்கு வந்தது 24 மில்லி மிக்கார்ப் கார்புரேட்டர். 28 போட்டால் நாலு மில்லிதானே கூடுகிறது என்று நினைப்பீர்கள். துளையின் பரப்பு 36 சதவீதம் கூடிவிடும், காற்றின் வேகம் கால் பங்குக்கு மேல் குறையும். வேகம் இல்லாத காற்று பெட்ரோலைச் சரியாக இழுக்காது. இதை நான் இங்கே எத்தனையோ முறை எழுதிவிட்டேன். தேடிப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம்.

தஞ்சை_டியூனர்
500 புல்லட்டுக்குக் கம்பெனியே 28 போட்டதே ஐயா?

பெருசு_71
அது 84-க்கு 90, 499 சிசி. சிசிக்கு எவ்வளவு பரப்பு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 500-ல் இருக்கும் 28-ஐவிட 350-ல் இருக்கும் 24-தான் கொஞ்சம் தாராளம். இங்கிலாந்தின் ரெடிச்சில் செய்த காலத்தில் அமல் கார்புரேட்டரோடு வந்த வண்டி இது. திருவொற்றியூரில் 1955-ல் தொடங்கியதிலிருந்து எத்தனையோ பேர் இதை யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

தஞ்சை_டியூனர்
கணக்கை ஏற்கிறேன். ஆனால் பழையபடியே வைத்துக்கொள் என்பது அவர் கேள்விக்குப் பதில் இல்லையே. தேனி நண்பரே, ஏர் ஸ்க்ரூவை ஒரு சுற்று வெளியே எடுத்துப் பாருங்கள், ரிச் (பெட்ரோல் கூடுதல்) ஆகும்.

லேத்_கோவை
தவறு. அவருடையது விஎம் வகை கார்புரேட்டராக இருந்தால், ஏர் ஸ்க்ரூவை வெளியே எடுத்தால் காற்று கூடும், இன்னும் லீன் ஆகும். உள்ளே திருகினால்தான் ரிச்.

தஞ்சை_டியூனர்
என் தண்டர்பேர்டில் வெளியே எடுத்தால்தான் ரிச் ஆகிறது. பத்து வருஷமாக அப்படித்தான் செய்கிறேன்.

லேத்_கோவை
உங்களுடையது பிஎஸ் 29 கார்புரேட்டர், அதிலிருப்பது பெட்ரோல் கலவை ஸ்க்ரூ. ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஸ்லைடுக்கு (ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்கும் அடைப்பு) பின்னால், ஏர் பில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது. இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது.

தஞ்சை_டியூனர்
சரி, இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டேன். நான் சொன்னபடி செய்ய வேண்டாம்.

தேனிக்காரன்_350 (வெள்ளி மதியம்)
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். 1994 வண்டி, இரும்பு இன்ஜின். விஎம் 28, ரப்பர் பூட்டில் (இணைக்கும் ரப்பர் குழாயில்) சொருகும் வகை. அலுமினியத்தில் மேனிபோல்டு கடைந்து ஹெட்டில் மாட்டியிருக்கிறேன். பிளக் வெள்ளையாக இருக்கிறது. பேக்கிங் பேப்பர் மட்டும்தான் வைத்தேன், பழைய இன்சுலேட்டரை எடுத்துவிட்டேன். சூடாக இருக்கும்போது சோக் (பெட்ரோல் கலவையைக் கூட்டும் லீவர்) இழுத்தால் ஐடிலிங் சரியாகிவிடுகிறது.

லேத்_கோவை
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நேற்றே முடிந்திருக்கும். வெள்ளை பிளக், சோக் போட்டால் சரியாவது, சூட்டில் ஐடிலிங் ஏறுவது எல்லாம் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. எங்கேயோ காற்றை இழுக்கிறது. மெயின் ஜெட் வேலை செய்வது முக்கால் ஆக்ஸிலேட்டருக்கு மேல்தான், ஐடிலிங்குக்கு அதை மாற்றிப் பயனில்லை.

முதலில், ஐடிலிங்கில் ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். சத்தம் மாறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுக்கிறது. மாறவில்லை என்றால் மேனிபோல்டு சேரும் இடத்திலும் ரப்பர் பூட்டின் இரண்டு முனையிலும் தண்ணீரை மெல்லிசாக ஸ்பிரே செய்யுங்கள். சத்தம் மாறும் இடம்தான் ஓட்டை. பெட்ரோல் மட்டும் அடிக்க வேண்டாம், இன்ஜின் சூடாக இருக்கும்.

மேனிபோல்டைக் கழற்றி ஹெட்டில் சேரும் முகம் முழுக்க மார்க்கர் பேனாவால் தீட்டுங்கள். கண்ணாடித் துண்டின் மேல் எமரி ஷீட் விரித்து அதில் எட்டு போடுவது போல் தேயுங்கள். நட்டு போடும் இரண்டு காதும் பளபளத்து, நடுவில் துளையைச் சுற்றி மை அப்படியே இருந்தால் முகம் வளைந்திருக்கிறது. நட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் அலுமினியம் இப்படித்தான் வளையும். மை முழுக்கப் போகும்வரை தேயுங்கள். இன்சுலேட்டரையும் திரும்ப வையுங்கள், ஹெட்டின் சூடு நேராக கார்புரேட்டருக்கு ஏறக் கூடாது.

பாயிண்ட்செட்_பாலு
அப்படியே பாயிண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பெருசு_71
மேனிபோல்டின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள் தம்பி. 28-லிருந்து ஹெட்டின் துளைக்குப் போகும் இடத்தில் படி மாதிரி தட்டினால் அதைச் சரிவாக எடுக்கச் சொல்லுங்கள். படி இருந்தால் பெட்ரோல் அங்கே துளியாகத் தேங்கும்.

தேனிக்காரன்_350 (ஞாயிறு இரவு)
முகம் வளைந்துதான் இருந்தது, நடுவில் மை அப்படியே நின்றது. தேய்த்து, இன்சுலேட்டர் வைத்து மாட்டினேன். ஐடிலிங் நிற்கிறது, வெடி இல்லை. கோயிலுக்குப் போய் வந்துவிட்டோம். ஆக்ஸிலேட்டரை மெதுவாகத் திறக்கும்போது மட்டும் கொஞ்சம் தயங்குகிறது. லேத் அண்ணனுக்கும் ஐயாவுக்கும் ரொம்ப நன்றி.

லேத்_கோவை
சந்தோஷம். தயக்கத்துக்கு, ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டை ஒரு சைஸ் கூட்டிப் பாருங்கள். இப்போது பிளக் என்ன நிறம்? இன்ஜின் ஆறியதும் அந்த இரண்டு நட்டையும் இன்னொரு முறை பாருங்கள், புதுப் பேக்கிங் சூட்டில் அமுங்கும்.