எட்னா எரிமலைக்கு லயெல் மீண்டும் சென்றது ஏன்?

கேள்வி:
சிசிலித் தீவிலுள்ள எட்னா எரிமலையை ஸ்காட்லாந்தில் பிறந்த புவியியலாளர் சார்லஸ் லயெல் 1828ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து அவர் மீண்டும் அங்கே சென்றதற்குக் காரணம் என்ன?

மறுமொழி 1:
அடியிலிருந்து எழுந்த அழுத்தத்தால் கிடைமட்டப் பாறை அடுக்குகள் உப்பி உயர்ந்தே எரிமலைகள் உருவாயின என்று ஜெர்மானியரான லியோபோல்ட் ஃபான் புக், பிரெஞ்சுக்காரரான எலி டி போமோன் ஆகியோர் வாதிட்டனர். செங்குத்தான சரிவில் வழியும் எரிமலைக்குழம்பு கெட்டியான பாறைப்படலமாக உறைய முடியாது, ஆகவே சரிந்து நிற்கும் அடுக்குகள் முதலில் கிடைமட்டமாக உறைந்து பின்னரே உயர்ந்திருக்க வேண்டும் என்பதே அவர்களுடைய வாதத்தின் அச்சாணி. 1857, 1858ஆம் ஆண்டுப் பயணங்களில் லயெல் அத்தகைய சரிவுகளிலேயே குழம்பு கெட்டியாக உறைந்திருந்ததை நேரில் கண்டார். மலை, வெடிப்புக்கு மேல் வெடிப்பாகக் குவிந்து வளர்ந்தது என்பதை 1858இல் லண்டனிலுள்ள அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரையில் அவர் நிறுவினார்.

மறுமொழி 2:
முதற்பயணத்தையும் குறைத்து மதிப்பிடலாகாது. எட்னாவின் அடிவாரப் படிவுகளில் கிடைத்த சிப்பிகளுள் பெரும்பாலானவை இன்றும் மத்தியதரைக் கடலில் வாழும் இனங்களே. அப்படிவுகளின் மேல் வளர்ந்ததும் மனித வரலாற்றின் அளவில் மிகத் தொன்மையானதுமான அம்மலை, புவியின் அளவில் மிக இளையது என்பதை லயெல் அதிலிருந்தே உணர்ந்தார். என் பார்வையில் இதுவே அவருடைய ஆழ்ந்த கண்டுபிடிப்பு.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. எதிர்வாதத்தை மறுக்க அறுபது வயதில் அம்மலையின் சரிவுகளுக்கே திரும்பிச் சென்ற அவருடைய நேர்மை வணங்கத்தக்கது.