பத்து நாளாகச் சாப்பிடாத ஃபயர் ஈல்: உயிருள்ள மீன் போடலாமா?

புதுத்தொட்டி:
கொளத்தூரில் வாங்கிய ஃபயர் ஈல், பாம்பு போல நீண்ட மீன், ஆறு அங்குலம் இருக்கும். நாலடித் தொட்டி, தண்ணீர் 27 டிகிரி. கூட டைகர் பார்ப் என்ற சிறு மீன் ஐந்து. வந்து பத்து நாள் ஆகிறது, காலையும் மாலையும் பெல்லெட் (காய்ந்த உருண்டைத் தீனி) போடுகிறேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பைப்புக்குள் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு கிடக்கிறது. கப்பி என்ற குட்டி மீன் பத்தை உயிரோடு வாங்கிப் போடுங்கள், பசித்தால் பிடித்துத் தின்னும் என்கிறார் ஒருவர். போடலாமா? மனசு கேட்கவில்லை.

ஈரக்கை:
தாராளமாகப் போடுங்கள். பன்னிரண்டு வருஷமாக மீன் வளர்க்கிறேன். ஆற்றிலிருந்து பிடித்து வந்த உயிருக்கு பெல்லெட் உணவாகவே தெரியாது. அசைகிற இரை வேண்டும். என்னுடைய ஈல் கப்பி தின்றுதான் தேறியது, இப்போது ஒன்றரை அடி. முதலில் வயிறு நிறையட்டும், மற்றதை அப்புறம் பழக்கலாம்.

ஆற்றுமணல்:
தயவுசெய்து போடாதீர்கள். இந்த மீனின் மூக்கைப் பாருங்கள், நுனியில் இரண்டு குழாய் இருக்கும். இருட்டில் மணலை மோந்து புழு தேடுவதற்கான மூக்கு அது. கப்பி மேல்மட்டத்தில் நீந்தும், ஆறு அங்குலக் குட்டி அதைத் துரத்திப் பிடிப்பது அரிது. அதைவிடப் பெரிய பயம் நோய். கப்பியோடு வெள்ளைப்புள்ளி வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? ஈலுக்குச் செதில் மிகச் சிறியது. தாமிரம், மாலகைட் கிரீன் கலந்த மருந்துகளை முழு அளவில் தாங்காது.

விளக்கை அணைத்து அரை மணி நேரம் கழித்து, கழுவிய மெல்லிய மண்புழு ஒன்றை நீள இடுக்கியால் மூக்கருகே காட்டுங்கள். அதற்கு முன்பே டைகர் பார்புக்கு மறுமூலையில் தீனி போட்டுவிடுங்கள், இல்லையென்றால் பறித்துக்கொண்டு போய்விடும்.

ஈரக்கை:
மண்புழு மட்டும் சுத்தமா? ஊரில் பாதி மண்ணில் உரமும் பூச்சிமருந்தும்தான். டியூபிஃபெக்ஸ் என்ற செம்புழு சாக்கடையில் வளர்வது. உயிருள்ள இரை எதுவானாலும் ஆபத்து உண்டு, கப்பியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. நான் போடுகிற கப்பி என் வீட்டுத் தொட்டியிலேயே பிறந்தவை. அப்புறம், பைப்புக்குள் தின்னாமல் கிடக்கும் புழு அழுகினால் தண்ணீர் கெடும். கப்பி தின்னப்படாவிட்டாலும் உயிரோடு இருக்கும்.

ஆற்றுமணல்:
டியூபிஃபெக்ஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, நானும் அதைத் தொடுவதில்லை. வீட்டில் பிறந்த கப்பி என்றால் என் எதிர்ப்பு பாதியாகக் குறையும். ஆனால் இவர் வாங்கப் போவது நூறு தொட்டித் தண்ணீர் கலந்த கப்பி. மீனுக்கு வரும் நோய் பெரும்பாலும் இன்னொரு மீனோடுதான் வரும். மருந்தடிக்காத தோட்டத்துப் புழுவை ஒரு நாள் ஈரத்துணியில் போட்டு வைத்தால் வயிற்று மண்ணைக் கழித்துவிடும். தின்னாததைக் காலையில் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

தாமிரபரணி:
சின்ன வயதில் தாத்தாவோடு ஆரால் பிடிக்கப் போவேன். தூண்டிலில் மண்புழுதான், அதுவும் பொழுது சாய்ந்த பிறகுதான். ஃபயர் ஈலும் அந்த ஆரால் குடும்பம்தான், பெயர்தான் ஈல். அதனால் நான் ஆற்றுமணல் பக்கம். ஆனால் இரண்டு பேருமே தீனியைப் பற்றியே பேசுகிறீர்கள். தம்பி, தரையில் மணலா கல்லா? தண்ணீரில் அமோனியா பார்த்தீர்களா? கழிவும் தீனியும் அழுகினால் சேரும் நஞ்சு அது.

புதுத்தொட்டி:
கல்தான் அண்ணா. இப்போதுதான் சோதித்தேன், அமோனியா 0.5 காட்டுகிறது. தின்னாத பெல்லெட் கல்லிடுக்கில் சேர்ந்திருக்கிறது.

தாமிரபரணி:
அப்படியானால் இன்று புழுவும் வேண்டாம், கப்பியும் வேண்டாம். கல்லில் இருப்பதை உறிஞ்சி எடுத்து, குளோரின் நீக்கிய தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். நாளையும் அப்படியே. அகலத் தட்டில் மூன்று அங்குலத்துக்கு நைசான மணல் போட்டு மூலையில் வையுங்கள், புதையட்டும். கூரான கல்லில் உரசித் தோல் கிழிந்தால் பூஞ்சை பிடிக்கும்.

ஈரக்கை:
தண்ணீரைக் கேட்காமல் கப்பி சொன்னது என் தவறு. ஆனால் ஒன்று: தலைக்குப் பின்னால் சதை ஒட்டி, உடம்பைவிடத் தலை பெரிதாகத் தெரிந்தால் காத்திருக்க நேரமில்லை. அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

புதுத்தொட்டி:
ஆறு நாள் ஆயிற்று. உடம்பு இன்னும் உருண்டையாகத்தான் இருக்கிறது. அமோனியா இப்போது 0. நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு மணலிலிருந்து தலையை நீட்டி, இடுக்கியில் இருந்த புழுவை இரண்டு முறை மோந்து பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டது! இன்னொன்றும் தின்றது. கை நடுங்கிவிட்டது எனக்கு.

ஈரக்கை:
ரொம்ப சந்தோஷம். வளர்ந்த பிறகு வீட்டுக் கப்பி கொடுப்பதில் என் கருத்து மாறவில்லை, அதை அப்போது பேசிக்கொள்ளலாம்.

ஆற்றுமணல்:
பேசலாம். தம்பி, இரண்டு வாரம் புழுவே கொடுங்கள், பிறகு அதே இடுக்கியில் பொடியாக நறுக்கிய இறால். மூடியில் ஹோஸ் போகும் ஓட்டையை இன்றே ஸ்பாஞ்சு வைத்து அடையுங்கள். சாப்பிடத் தொடங்கிய ஈல் ராத்திரியில் சும்மா இருக்காது.