காட்டுக்கும் கடலுக்கும் கை நீட்டிய கதைகள்

சதுப்பு:

சூழல் அமைப்புகளில் வேலை பார்க்கிற நம்மில் முக்கால்வாசிப் பேர் விலங்கையோ மரத்தையோ படித்துவிட்டு வந்தவர்கள். பணம் கேட்பது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. நான் முதன்முதலில் ஒரு நன்கொடையாளர் முன்னால் உட்கார்ந்தபோது நாற்பது நிமிடம் சதுப்பு நிலத்தைப் பற்றி மட்டுமே பேசினேன். நீரை வடிகட்டுவது, கரிமத்தைச் சேர்த்து வைப்பது, வலசைப் பறவைகள் என்று படமெல்லாம் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். வாசல் வரை வந்து, "எல்லாம் சரி, என்னிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?" என்றார். "உங்கள் ஆதரவு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆதரவு கிடைத்தது, பணம்தான் கிடைக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து அவரே வேறோர் அமைப்புக்குப் படகு ஒன்று வாங்கிக் கொடுத்தது தெரியவந்தது. அவர்கள் படகு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். உபதேசம் வேண்டாம், நடந்தது போதும்.

ஆமைக்காவல்:

என் கதை கொஞ்சம் நீளம்.

எங்கள் மீட்பு மையத்துக்கு ஒரு கடலாமை வந்தது. முன்துடுப்பில் நைலான் வலைக்கயிறு சுற்றி, எலும்பு தெரியும் அளவுக்கு அறுத்திருந்தது. படம் எடுத்தேன். கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. கடலாமையின் உடம்பில் சேரும் அதிகப்படி உப்பு கண்ணருகே உள்ள சுரப்பி வழியாகத்தான் வெளியேறும், அதற்கும் அழுகைக்கும் சம்பந்தமில்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே அந்தப் படத்தைப் போட்டு, கீழே "இந்த ஆமையைக் காப்பாற்ற உதவுங்கள்" என்று ஒரு வரி எழுதினேன்.

மூன்றே நாளில் அறுவைச் சிகிச்சைக்குத் தேவையானதைப் போல எட்டு மடங்கு பணம் வந்து சேர்ந்தது. ஒன்பதாம் நாள் ஆமை செத்துப்போனது.

செலவானது போக மிச்சம் கணக்கில் கிடந்தது. மருந்து அலமாரி காலி, தொட்டியின் பம்பு பழுது, இரண்டு பேருக்குச் சம்பள பாக்கி. ஆனால் நான் எழுதியது "இந்த ஆமை" என்றுதானே? உடன் வேலை பார்த்தவர், "அடுத்து ஓர் ஆமை வராமலா போகும், பேசாமல் இரு" என்றார். ஒரு வாரம் பேசாமல்தான் இருந்தேன். தூக்கம் வரவில்லை. கடைசியில் பணம் அனுப்பிய எல்லோருக்கும் எழுதினோம்: ஆமை இறந்துவிட்டது, மிச்சம் இவ்வளவு, மையத்தின் மற்ற உயிர்களுக்குச் செலவிடலாமா, இல்லை திருப்பி அனுப்பட்டுமா? கண்ணீர் விஷயத்தையும் ஒரு பத்தியில் ஒப்புக்கொண்டேன்.

பதினோரு பேர் திருப்பிக் கேட்டார்கள். அன்றே அனுப்பினோம். ஒருவர் கண்ணீர்ப் பத்தியைப் பிடித்துக்கொண்டு கிழிகிழி என்று கிழித்தார். அவர் கோபம் நியாயமானது. மற்றவர்களில் பதில் எழுதியோர் எல்லாருமே "வைத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். அவர்களில் சிலர் மாதாமாதம் அனுப்பத் தொடங்கி இன்னும் நிறுத்தவில்லை.

இப்போது எங்கள் வேண்டுகோளில் இப்படி இருக்கும்: "இந்த உயிருக்கும், எஞ்சினால் மையத்தில் உள்ள மற்ற உயிர்களுக்கும், மருந்து, பம்பு, ஊழியர் சம்பளம் உட்பட." பார்க்க அழகாக இல்லைதான். பணம் கொஞ்சம் குறைவாகத்தான் வருகிறது. வந்ததைச் செலவழிக்க முடிகிறது.

கணக்குப்பிள்ளை:

ஆமைக்காவல், உங்களுக்கு நேர்ந்தது பெரிய இடத்திலும் நடந்திருக்கிறது. 2020 ஜனவரியில் ஆஸ்திரேலியக் காட்டுத்தீயின்போது நகைச்சுவைக் கலைஞர் செலஸ்ட் பார்பர் ஃபேஸ்புக்கில் நிதி திரட்டினார். ஆரம்ப இலக்கு 30,000 ஆஸ்திரேலிய டாலர். வந்து குவிந்தது 5 கோடியே 10 லட்சத்துக்கும் மேல். கொடுத்தவர்களில் பலர், பிற மாநிலங்களுக்கும், வீடிழந்தவர்களுக்கும், காயம்பட்ட விலங்குகளுக்கும் இதில் பங்கு போகும் என்று நம்பினார்கள். ஆனால் பணம் போய்ச் சேர்ந்தது நியூ சவுத் வேல்ஸ் ஊரகத் தீயணைப்புச் சேவையின் அறக்கட்டளைக்கு. அந்த அறக்கட்டளைப் பத்திரம் அனுமதிப்பதற்குத்தான் செலவிட முடியும், மற்ற அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது என்று அந்த மாநில உச்ச நீதிமன்றம் மே மாதம் சொல்லிவிட்டது. காயம்பட்ட தீயணைப்பு வீரர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் உதவலாம் என்ற அளவுக்கு வழி கிடைத்தது. இதில் யாரும் மோசடி செய்யவில்லை. பணம் எந்தப் பெயருக்குப் போகிறது என்பதை அவசரத்தில் யாரும் வாசிக்கவில்லை, அதுதான் விஷயம்.

என் சொந்தக் கதை வேறு மாதிரி. நாங்கள் மூன்று மானியங்கள் வாங்கிக் கடனாளி ஆனோம்.

ஒரே ஆண்டில் மூன்று புரபோசலும் பாஸ். அலுவலகமே துள்ளியது. ஒன்று தானியங்கி கேமராக்களுக்கு, ஒன்று களப்பணியாளர்களுக்கும் வண்டி எரிபொருளுக்கும், மூன்றாவது பயிற்சி முகாம்களுக்கு. வாடகை, மின்சாரம், தணிக்கைக் கட்டணம், காப்பீடு, என் சம்பளம் இவை மூன்றிலும் இல்லை. நாங்களே சேர்க்கவில்லை. நிர்வாகச் செலவு குறைவாக இருந்தால் மதிப்பார்கள் என்ற நினைப்பு. மூன்று பேருக்கும் மூன்று வகை அறிக்கை, மூன்று வேறு நிதியாண்டு. அதில் ஒன்று, முதலில் நீங்கள் செலவழித்து ரசீது அனுப்பினால் பிறகு தருவோம் என்கிற ஏற்பாடு. தொண்ணூறு நாள் என்றார்கள். ஏழு மாதம் ஆனது. பேரேட்டில் நாங்கள் பணக்காரர்கள், வங்கியில் இரண்டு மாதச் சம்பளத்துக்குக் கூட வழியில்லை. களத்தில் இருந்தவர்களுக்குச் சம்பளம் தள்ளிப்போனதை நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. கேமரா பொருத்தப் போயிருந்த பையன் ஒன்றும் கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, பேட்டரிகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். கேட்டிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு என் மேஜையில் ஒரு விதி. ஒவ்வொரு திட்டத்திலும் வாடகையின் பங்கு, கணக்காளரின் நேரம், தணிக்கை எல்லாம் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். கேமரா பொருத்துகிற ஆளுக்குச் சம்பளம் உண்டு என்றால், அந்தச் சம்பளத்தைப் போடுகிற ஆளுக்கும் உண்டு. முதல் முறை இப்படி எழுதி அனுப்பியபோது கை நடுங்கியது. பாதிப் பேர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். இத்தனை நாள் அவர்கள் தராமல் இருந்ததற்குக் காரணம் நாங்கள் கேட்காதது. மறுத்தவர்களில் ஒருவரின் மானியத்தை நாங்களே வேண்டாம் என்று சொன்னோம். செயற்குழுவில் பெரிய சண்டை.

நிர்வாகச் செலவு சதவீதத்தை வைத்து ஓர் அமைப்பை அளக்காதீர்கள் என்று 2013-இல் அமெரிக்காவில் கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் மூன்றும் சேர்ந்து நன்கொடையாளர்களுக்குத் திறந்த கடிதம் எழுதின. தொண்டு அமைப்புகளை எடைபோடுவதே அவர்கள் தொழில். யாராவது சதவீதம் பேசினால் அந்தக் கடிதத்தைத்தான் முதலில் எடுத்து நீட்டுவேன்.

வேலி:

மரம் நடும் விழா பற்றி யாரும் எழுதவில்லையே? சரி, நான் எழுதுகிறேன்.

பெரிய நிறுவனம் ஒன்று வந்தது. ஒரே நாளில் பத்தாயிரம் கன்று, ஊழியர்கள் எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை, மேலிருந்து படம் எடுக்க டிரோன். இடத்தையும் அவர்களே பார்த்து வைத்திருந்தார்கள். "வெறும் தரிசு" என்றார்கள். அது தரிசே இல்லை, இயற்கையான புல்வெளி. தரையில் கூடு கட்டும் பறவைகள் இருக்கிற இடம். அங்கே மரம் வைத்தால் அந்தப் பறவைகள் இடத்தைக் காலி செய்ய வேண்டியதுதான். சொன்னேன். வேறு இடம் தேட நேரமில்லை, தேதி குறித்தாயிற்று என்றார்கள். எங்களுக்கோ அந்த ஆண்டு பணமுடை. ஒத்துக்கொண்டேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மறுவாரம் போய்ப் பார்த்தால், வரிசை வரிசையாகக் கன்றுகள் சாய்ந்து கிடக்கின்றன. ஒன்றைப் பிடுங்கினேன். வேரைச் சுற்றியிருந்த கறுப்புப் பிளாஸ்டிக் பையோடு அப்படியே குழியில் இறக்கியிருக்கிறார்கள். அடுத்ததும் அப்படி. நாங்கள் நான்கு பேர் இரண்டு நாள் உட்கார்ந்து பிளாஸ்டிக் பொறுக்கினோம். கன்றுகள் பிழைக்காததில் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வேறு, புல்வெளி தப்பியதே என்று.

2019-இல் டீம் ட்ரீஸ் பிரசாரம் "ஒரு டாலர், ஒரு மரம்" என்று சொல்லி 2 கோடி டாலர் திரட்டியது. அந்த எளிமைக்கு நான் ரசிகன். கேட்ட மாத்திரத்தில் எவருக்கும் புரிகிறது. ஆனால் நிறுவனங்கள் அதைக் காப்பியடிக்கும்போது நடுவதோடு கணக்கை மூடிவிடுகின்றன. இப்போது நான் விற்பது வேறு சரக்கு. இடத்தை நாங்கள்தான் தேர்வு செய்வோம். மூன்று ஆண்டுக்குத் தண்ணீர், வேலி, களையெடுப்பு எல்லாம் விலையில் அடக்கம். ஒவ்வோர் ஆண்டும் உயிரோடு இருப்பதை எண்ணி அறிக்கை தருவோம். நான்கு நிறுவனங்கள் இதைக் கேட்டதும் எழுந்து போய்விட்டன. ஐந்தாவதில் ஒரு பெண் மேலாளர், "செத்ததையும் எழுதுவீர்களா?" என்று கேட்டார். எழுதுவோம் என்றேன். அவர்களோடு இது ஆறாவது ஆண்டு.

வௌவால் பைத்தியம்:

ஆமைக்குக் கண்ணீர் இருக்கிறது, புலிக்கு முகம் இருக்கிறது. என் ஆட்களைப் பார்த்தால் ஜனங்கள் ஜன்னலைச் சாத்துகிறார்கள். வௌவாலுக்கு எப்படி நிதி கேட்பது?

துண்டுப் பிரசுரம், பூச்சி தின்னும் கணக்கு, மகரந்தச் சேர்க்கை எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றும் நகரவில்லை. ஒரு நாள் சாயங்காலம் இருபது பேரை ஒரு குளக்கரைக்குக் கூட்டிப் போனேன். கையில் ஒரே ஒரு கருவி, வௌவாலின் மீயொலியை நம் காதுக்குக் கேட்கிற சத்தமாக மாற்றித் தருவது. இருட்டியதும் டக், டக், டக் என்று தொடங்கியது. வௌவால் பூச்சியை நெருங்க நெருங்க டக்டக்டக் என்று வேகம் பிடித்து, கடைசி நொடியில் ஒரே கிர்ர்ர். அப்புறம் அமைதி. "பிடித்துவிட்டதா?" என்று ஒரு சிறுமி கிசுகிசுத்தாள். இருபது பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு அடுத்த கிர்ர்ருக்குக் காத்திருந்தார்கள்.

இதுதான் நேரம் என்று பணம் கேட்டேன். எல்லோரும் சந்தோஷமாகப் போனை எடுத்தார்கள். அங்கே சிக்னல் கிடையாது. நான் அச்சடித்து வைத்திருந்த கியூஆர் கோடைப் பார்த்து வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "வீட்டுக்குப் போய் அனுப்புகிறோம்" என்றார்கள். இரண்டு பேர் அனுப்பினார்கள்.

அடுத்த நடைக்கு ஒரு நோட்டு, நான்கு பேனா, தலையில் மாட்டுகிற சிவப்பு விளக்கு. பெயரும் எண்ணும் மாதத் தொகையும் அங்கேயே எழுதி வாங்கிவிட்டு, மறுநாள் காலையில் நானே கூப்பிட்டேன். பதினெட்டுப் பேரில் பதின்மூன்று பேர் சேர்ந்தார்கள். என் பத்து ஆண்டு உழைப்பில் அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது அந்தப் பேனாக்கள்தான் என்பேன்.

அழகில்லாத ஜீவன்களுக்குப் பெயரை ஏலம் விடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். பொலிவியாவின் மடிடி தேசியப் பூங்காவில் கண்டுபிடித்த குரங்குக்குப் பெயர் வைக்கும் உரிமையை 2005-இல் இணையச் சூதாட்ட நிறுவனம் ஒன்று 6,50,000 டாலருக்கு எடுத்தது. பணம் பூங்காவின் பராமரிப்புக்குப் போனது. அந்தக் குரங்கின் அறிவியல் பெயரில் இன்றும் அந்தச் சூதாட்டத் தளம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு அப்படியொரு வௌவால் கிடைத்தால் விற்பேனா என்று கேட்காதீர்கள். விற்பேன்.

சதுப்பு:

வௌவால், அந்தச் சிறுமியின் கிசுகிசுப்புக்கு முன்னால் என் நாற்பது நிமிட விளக்கப் படங்கள் தூசு.

எண்ணிக்கை ஏன் எடுபடாது என்பதற்கு 1992-இல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. எண்ணெய்க் குட்டைகளில் விழுந்து சாகும் பறவைகளைக் காக்க எவ்வளவு தருவீர்கள் என்று மக்களை மூன்று குழுவாகப் பிரித்துக் கேட்டார்கள். 2,000 பறவை என்று கேட்ட குழுவின் சராசரி 80 டாலர். 20,000 என்றதற்கு 78. இரண்டு லட்சம் என்றதற்கு 88. நான் "லட்சக்கணக்கான வலசைப் பறவைகள்" என்று முழங்கியதெல்லாம் காற்றில் போனது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

இன்னொன்று, "நீங்கள் தரும் தொகைக்குச் சமமாக இன்னொருவர் தருவார்" என்ற ஈட்டு நன்கொடை. கார்லன், லிஸ்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 2007-இல் வெளியிட்ட சோதனையில், அப்படிச் சொன்னதும் தருவோர் கூடினார்கள். ஆனால் ஒன்றுக்கு மூன்று என்று ஆசை காட்டியதும் ஒன்றுக்கு ஒன்றைவிட மேலாக எதையும் சாதிக்கவில்லை. ஆகவே பெரிய புரவலர் யாராவது மூன்று மடங்கு தர முன்வந்தால், அதை மூன்று தவணையாகப் பிரித்து மூன்று முறை ஒன்றுக்கு ஒன்றாக அறிவிக்கச் சொல்லிக் கெஞ்சுங்கள். நான் ஒருமுறை கெஞ்சி ஜெயித்தேன்.

பழைய தபால்:

எல்லோரும் பணம் வாங்கிய கதை சொல்கிறீர்கள். வாங்கிய பிறகு நடந்தது ஒன்று.

எங்களுக்கு மாதாமாதம் சின்னத் தொகை அனுப்பும் பெரியவர் ஒருவர் இருந்தார். பதினான்கு ஆண்டு, ஒரு மாதம் தவறியதில்லை. தொகை சின்னது என்பதால் எங்கள் மென்பொருளில் அவர் "கடைசி வகை". கணினியே நன்றிக் கடிதம் அடித்து அனுப்பிவிடும். ஒருநாள் ஓர் அம்மா போன் செய்தார். "என் வீட்டுக்காரர் போய் எட்டு மாதம் ஆகிறது. ‘உங்கள் தொடர்ந்த உற்சாகத்துக்கு நன்றி' என்று மாதாமாதம் அவருக்குக் கடிதம் வருகிறது. பணம் என் கணக்கிலிருந்து போகிறது. நிறுத்தலாமா வேண்டாமா என்று கேட்கத்தான் கூப்பிட்டேன்" என்றார். திட்டவில்லை.

எனக்கு நாக்கு எழவில்லை. மன்னிப்புக் கேட்டேன். நிறுத்திவிடுங்கள் அம்மா என்று நானே சொன்னேன். மறுநாள் பேருந்து பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன். அலமாரியில் எங்கள் ஆண்டறிக்கை பதினான்கும் வரிசையாக இருந்தன. ஆற்று நீர்நாய்கள் பற்றிய பக்கங்களில் பெரியவர் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். ஓர் இடத்தில் எங்கள் எண்ணிக்கைக் கூட்டலில் தவறு, அதைத் திருத்தியும் இருந்தார். பதினான்கு ஆண்டில் நாங்கள் அவரை ஒருமுறை கூட ஆற்றங்கரைக்குக் கூப்பிட்டதில்லை.

அந்த அம்மா நிறுத்தவில்லை. தொகை இப்போது அவர் பெயரில் வருகிறது. கடிதத்தை நான் கையால் எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிறுக்கல் மாதிரி இருக்கிறது, ஒழுங்காக எழுது என்று இரண்டு முறை போனில் வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று.