ரசமும் ஒரு பொரியலும் போதுமா?

கொங்குப்பையன்: வேலைக்கு வெளியூர் போகிற பிள்ளைகளிடம் "யூடியூப் பார்த்துச் சமைச்சுக்கோ" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அது பத்தாதுங்க. அம்மாவோ அப்பாவோ சமைக்கும்போது அடுப்புப் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளணும். அம்மா எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது ரசம். நெல்லிக்காய் அளவு புளி, கையால் பிசைந்த தக்காளி, தட்டிப்போட்ட மிளகு, சீரகம், பூண்டு. புளியின் பச்சை வாசனை போனதும் பருப்புத் தண்ணி ஊற்றணும். ஓரத்தில் கட்டுகிற நுரை நடுவே கூடி வரும்போது சட்டென்று இறக்கிடணும். தளதளன்னு கொதித்தால் மணமெல்லாம் ஆவியோடு போயிரும். வீடியோவில் அந்த இடத்தைத்தான் வெட்டி ஓட்டிவிடுகிறார்கள். ரசம், ஒரு பொரியல், சுட்ட அப்பளம். வேலை நாளுக்கு இது தாராளம்.

தராசுத்தட்டு: ஒத்துக்கொள்ள மாட்டேன். "கொஞ்சம் போடு", "கை அளவு" என்று சொல்லிக்கொடுத்தால் புதிதாகச் சமைப்பவர் எதைப் பிடித்துக்கொள்வார்? அம்மா இல்லாத பிள்ளைகள், விடுதியிலேயே வளர்ந்தவர்கள் எல்லாம் சமைக்கக் கூடாதா? அளவை எழுதிவைத்தால் யாரும் செய்யலாம்.

கொங்குப்பையன்: எழுதுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனால் ஒரு ஸ்பூன் உப்பு என்று எழுதினால் எந்த உப்பு? தூள் உப்பு போடுகிற ஸ்பூனில் கல் உப்பைப் போட்டால் கரிப்பு குறையும். புதுப்புளி சிவந்து இருக்கும், பழைய புளி கறுத்துப்போய் நல்லாப் புளிக்கும். ரெண்டையும் ஒரே அளவில் போட்டால் ரசம் ஒன்றாகவா இருக்கும்?

தராசுத்தட்டு: உப்புக்கு வழி இருக்கிறது, கிராமில் எழுதுங்கள். கல்லானாலும் தூளானாலும் 5 கிராம் 5 கிராம்தான். புளி விஷயம் நியாயம். அதற்கும் "கரைத்து நாக்கில் வைத்துப் பார், தேவைப்பட்டால் தண்ணீர் சேர்" என்று ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. அதற்கு அம்மா பக்கத்திலேயே நிற்க வேண்டியதில்லை.

டெல்டா அக்கா: நீங்கள் இரண்டு பேரும் அளவிலேயே நிற்கிறீர்கள். எனக்கு அந்த "தாராளம்" என்ற வார்த்தைதான் உறுத்துகிறது, தம்பி. துவரம்பருப்பு 100 கிராமில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது. தெளிந்த தண்ணியை மட்டும் ரசத்தில் ஊற்றினால் அதில் பெரும்பங்கு அடியிலேயே தங்கிவிடும். தினமும் ரசஞ்சோறும் அப்பளமும் தின்று எப்படி உடம்பு தேறும்? பாசிப்பருப்போடு கீரையைப் போட்டு மசித்து, சீரகம் தாளித்தால் ஒரே சட்டியில் முடிந்தது. அதுவும் எளிமைதான்.

இன்னொன்றும் சொல்லணும். சாம்பார், ரசம், கூட்டு, பொரியல் என்று விடியலிலேயே அடுப்படிக்குள் போன அம்மாக்கள் ருசிக்காக மட்டும் அப்படிச் செய்யவில்லை. வீட்டில் ஒன்று குறைந்தாலும் முகம் சுளிப்பார்கள். கைப்பக்குவத்தைக் கற்றுக்கொள்ளுங்கள், அந்தப் பட்டியலை அவர்களோடு விட்டுவிடுங்கள். மகளை மட்டும் அடுப்படிக்குக் கூப்பிடுகிற வழக்கத்தையும்.

கொங்குப்பையன்: பருப்பு விஷயத்தில் நீங்க சொல்றது சரிங்க அக்கா. மசித்த பருப்பையே ரசத்தில் கரைத்து விடலாம். ஆனால் நுரை கூடுகிற பதத்தை எழுதிப் புரியவைக்க முடியும்னு இப்பவும் எனக்குத் தோணல.

தராசுத்தட்டு: மேலே நீங்களே எழுதிவிட்டீர்களே. "ஓரத்தில் கட்டுகிற நுரை நடுவே கூடி வரும்போது." இன்று ராத்திரி அதை வைத்துத்தான் ரசம் வைக்கப் போகிறேன்.