.308 சேம்பரில் 200 கிரெயின் புல்லட் ஆழமாக உட்காருகிறது: தொண்டையை நீட்டலாமா?

பாலைக்குறி:
எல்லோருக்கும் வணக்கம். அரிசோனாவில் எஃப்-டிஆர் பிரிவில் (இருகால் தாங்கி வைத்த ரைஃபிளில் தொலைதூர இலக்கைச் சுடும் போட்டி) சுடுகிறேன். தோட்டாவை நானே நிரப்புகிறேன். பேரல் புதிது, 300 தோட்டாதான் போயிருக்கும். உள்வரி 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, வழக்கமான .308 சேம்பர் (தோட்டா உட்காரும் அறை), ஃப்ரீபோர் (சேம்பருக்கும் உள்வரிகளுக்கும் நடுவே வரியில்லாத தொண்டைப் பகுதி) 90 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 155 கிரெயின் (எடை அளவு) புல்லட், அதாவது தோட்டா முனையிலிருந்து பறக்கும் குண்டு, 300 கெஜத்தில் ஒரே இடத்தில் விழுந்தது. காற்றுக்குத் தாங்கட்டும் என்று பெர்கர் கம்பெனியின் 200 கிரெயின் புல்லட்டான 200.20எக்ஸுக்கு மாறினேன். பென் ஏவரி சுடுதளத்தில் 1000 கெஜத்தில் இடவலம் பரவாயில்லை, ஆனால் மேல்கீழ் 13 அங்குலம் பரவுகிறது. பத்து வளையமே 10 அங்குலம்தான்! குரோனோகிராஃபில் (வேகம் அளக்கும் கருவி) வேகம் நொடிக்கு 45 அடி வரை மாறுகிறது. வெடிமருந்தைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துத்தான் போடுகிறேன். வேறு எங்கே பார்க்க வேண்டும்?

கோவை லேத்:
தம்பி, இந்த எடையில் வேகம் நொடிக்கு 10 அடி மாறினால் 1000 கெஜத்தில் ஏறக்குறைய 3 அங்குலம் ஏறி இறங்கும். உங்கள் 45 அடியும் 13 அங்குலமும் ஒன்றுக்கொன்று சரியாக இருக்கிறது. அதனால் பேரலைக் குறை சொல்லாதீர்கள். புல்லட்டின் படகுவால் (பின்னால் குறுகும் பகுதி) தொடங்கும் விளிம்பு, கேஸுக்குள் (தோட்டாவின் பித்தளை உறை) எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

மருந்தும் ப்ரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) இல்லாத வெற்று கேஸ், கேஜ் (சேம்பருக்குள் நீளம் அளக்கும் கருவி), கம்பாரேட்டர் (புல்லட்டின் வளைவில் வைத்து அளக்கும் துணைக்கருவி) இருந்தால் போதும். புல்லட்டை மெதுவாகத் தள்ளி, ரைஃப்ளிங் மேட்டை (பேரலின் உள்வரிகள் தொடங்கும் இடம்) தொட்டதும் நிறுத்தி, ஓஜைவிலிருந்து (புல்லட்டின் முன்பக்க வளைவு) அளவு எடுங்கள். முனையிலிருந்து அளக்காதீர்கள், முனை ஒவ்வொரு புல்லட்டுக்கும் மாறும். ஐந்து முறை அளந்து, ஐந்தும் இரண்டு மூன்று தௌக்குள் வந்தால்தான் நம்பலாம்.

பாலைக்குறி:
அளந்துவிட்டேன் அண்ணா. மேட்டுக்கு 15 தௌ முன்னால் நிறுத்துகிறேன். அப்படி வைத்தால் அந்த விளிம்பு, கேஸின் கழுத்தும் (புல்லட்டைப் பிடிக்கும் குறுகிய பகுதி) தோளும் (அதன் கீழ் அகலும் சரிவு) சேரும் இடத்துக்குக் கீழே 80 தௌ இறங்கிவிடுகிறது. வெளியே இழுத்து மேட்டில் அழுந்தும்படி வைத்தால்?

கோவை லேத்:
வேண்டாம்! மேட்டில் அழுத்தினால் அழுத்தம் திடீரென்று ஏறும். சுடாமல் தோட்டாவை எடுக்க வேண்டி வந்தால் புல்லட் பேரலிலேயே மாட்டிக்கொண்டு, மருந்து முழுவதும் ஆக்ஷனுக்குள் (துப்பாக்கியின் பூட்டு இயங்கும் பகுதி) கொட்டும். போட்டி நடுவில் அப்படி ஆனால் அன்றைய நாளே போச்சு. அதுவுமில்லாமல், 15 தௌவும் இன்னும் சிறிதும் இழுத்தால் 80 தௌ தீராது.

கோளாறு அந்த 80 தௌவில்தான் என்று நினைக்கிறேன். கேஸைச் சுட்டு, சைஸ் செய்து (அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து), திரும்பச் சுடும்போது பித்தளை மெல்ல முன்னால் நகரும். கழுத்தின் அடியில் உள்பக்கமாக ஒரு வளையம் தடிக்கும், டோனட் என்பார்கள். புல்லட்டின் முழுத்தடிமனான பகுதி அந்த வளையத்தில் சிக்கினால் ஒரு கேஸ் இறுக்கிப் பிடிக்கும், இன்னொன்று லேசாக விடும். நிறுத்துப் போட்ட மருந்தெல்லாம் வீண்தான். மருந்துக்கான இடமும் குறைந்துபோகிறது.

155 நீளம் குறைவு, அதனால் அதே சேம்பரில் கழுத்துக்குள்ளேயே நின்றது. சேம்பர் மோசமில்லை, இந்தப் புல்லட்டுக்காக வெட்டியதில்லை, அவ்வளவுதான்.

பெல்மாண்ட்:
பிரிஸ்பேனிலிருந்து எழுதுகிறேன். தொண்டையில் கை வைக்கும் முன் பெர்கரின் 185 கிரெயின் ஜகர்நாட் புல்லட் ஒரு பெட்டி வாங்கிப் பாருங்கள். 200ஐ விட நீளம் குறைவு, குட்டைத் தொண்டையிலும் ஒழுங்காக உட்காரும். வெட்டிய உலோகம் திரும்ப ஒட்டாது. நீட்டியது பிடிக்கவில்லை என்றால் பேரலைப் பின்பக்கம் வெட்டி, திருகு போட்டு, மறுபடி சேம்பர் போட வேண்டும்.

பாலைக்குறி:
நன்றி அக்கா. ஆனால் எனக்கு 200தான் வேண்டும், இங்கே மதியக் காற்று அப்படி. கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி வேலை செய்பவர்) என்ன சொல்ல வேண்டும்?

கோவை லேத்:
வாயால் சொல்ல வேண்டாம், காட்டுங்கள். படகுவால் விளிம்பு கழுத்தின் அடிக்குச் சற்று மேலே நிற்கும்படி, ப்ரைமரும் மருந்தும் இல்லாமல் ஒரு டம்மி செய்து கொடுங்கள். புல்லட் அந்த இடத்தில் இருக்கும்போது மேடு 15 தௌ தள்ளி இருக்க வேண்டும் என்று கேளுங்கள். கணக்குப்படி ஃப்ரீபோர் 170 தௌக்கும் இன்னும் சிறிதுக்கும் வரும்.

தொண்டை ரீமரால் (தொண்டையை மட்டும் வெட்டும் கருவி) வெட்டினால் போதும். பைலட் புஷிங் (ரீமரின் முன்னால் வழிகாட்டும் வளையம்) பேரல் துளைக்குள் ஆடாமல் பொருந்துகிறதா என்று கட்டாயம் கேளுங்கள். பட்டறையில் பத்து வருடம் நின்றவன் சொல்கிறேன், ரீமர் ஆடினால் தொண்டை ஒரு பக்கம் சாயும். அப்புறம் எந்தப் புல்லட்டும் நேராகப் புகாது. தொண்டை விட்டமும் .308க்கு அரை தௌ அதிகம் இருந்தால் போதும், அகலமாக விட வேண்டாம்.

வெட்டியபின் கேஸுக்குள் இடம் கூடும், பழைய மருந்தளவில் வேகம் குறையும். அதற்காக ஒரேயடியாக ஏற்றாதீர்கள். கையேட்டின் ஆரம்ப அளவிலிருந்து படிப்படியாக வாருங்கள். 155ஐ இந்தப் பேரலில் மறந்துவிடுங்கள், மேட்டைத் தொட வெகுதூரம் தாவ வேண்டியிருக்கும்.

பாலைக்குறி (ஏழு வாரம் கழித்து):
வெட்டியாயிற்று. டம்மியைப் பார்த்ததும் கன்ஸ்மித் வேறு ஒன்றும் கேட்கவில்லை. கீழிருந்து மருந்தை ஏற்றி வந்தேன். இருபது தோட்டாவில் வேக வித்தியாசம் 17 அடி. 1000 கெஜத்தில் மேல்கீழ் 6 அங்குலத்துக்குள் நின்றது, இரண்டு முறை சுட்டுப் பார்த்தேன். இனி காற்றைப் படிக்கத் தெரியாததுதான் என் குறை. பெல்மாண்ட் அக்கா, 185 ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த பேரலில் சுட்டுவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.