வயிற்றுப்போக்கும் கேட்காத மாத்திரையும்: உங்கள் வீட்டு அனுபவம் என்ன?

குளச்சல்காரன்

போன சிப்பி சீசனில் என் மாமனாருக்கு நடந்தது. மதியம் அவித்த சிப்பியும் சிப்பித் துவரனுமாக விருந்து. இரவு வயிற்றைப் பிரட்டி வாந்தி. விடிவதற்குள் தண்ணீர் தண்ணீராகப் போகத் தொடங்கிவிட்டது. மைத்துனன் முக்கு மருந்துக்கடைக்கு ஓடி, ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த கிருமிக்கொல்லி (ஆன்டிபயாட்டிக்) மாத்திரைப் பட்டை ஒன்றை வாங்கி வந்தான். சீட்டு எங்கே என்று கடையில் கேட்கவே இல்லை. மாத்திரை கேட்கவில்லை. கண் குழிவிழுந்து சிறுநீரும் குறைந்ததும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அங்கே டிரிப்ஸ், ஓ.ஆர்.எஸ்., அவ்வளவுதான். "மாத்திரை எழுதத் தெரியாதவரெல்லாம் டாக்டரா?" என்று மாமியார் வார்டிலேயே சண்டைக்குப் போய்விட்டார். மலத்திலுள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்த்த கல்ச்சர் ரிப்போர்ட் கைக்கு வரும்போது மாமனார் எழுந்து உட்கார்ந்து மரச்சீனியும் மீன்குழம்பும் கேட்டுக்கொண்டிருந்தார். ரிப்போர்ட்டில் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்ற கடல்நீர்க் கிருமி. ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு நேரே "எதிர்ப்பு" என்று அச்சடித்திருந்தது. மருந்துக்கு அடங்காத கிருமி தானாக எப்படி அடங்கியது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாகர்கோவில் லேப்

அண்ணா, அந்தச் சொல்லைப் பார்த்து எல்லோரும் மிரள்கிறார்கள். குறிப்பிட்ட மருந்து அந்தக் கிருமியிடம் பலிக்காது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. குடலில் அது எவ்வளவு கேடு செய்யும் என்பது வேறு கணக்கு. கடலில் கிடைக்கும் பாராஹீமோலிட்டிகஸில் பெரும்பாலானவற்றிடம் டி.டி.எச். என்ற நஞ்சுக்கான மரபணு கிடையாது. அது உள்ளவைதான் பெரும்பாலும் ஆளைப் படுக்கவைக்கும். அப்போதும் பலருக்கு மூன்று நாளில் தானாகவே விட்டுவிடும். அதுவரை உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும். உங்கள் வீட்டு மாத்திரை அந்தக் கிருமியைக் கொல்லக்கூடியதாகவே இருந்திருந்தாலும், வெளியேறிய நீரை அது திருப்பித் தந்திருக்காது. டாக்டர் சரியாகத்தான் செய்திருக்கிறார், அத்தையிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. கடல் உணவு சாப்பிட்டதை டாக்டர் சீட்டில் குறித்து அனுப்பினால்தான் நாங்கள் டி.சி.பி.எஸ். என்ற, இந்த வகைக் கிருமியை வளர்க்கும் தனி ஊடகத் தட்டில் மாதிரியை விதைப்போம். மறுநாள் அந்தத் தட்டில் பச்சை நிறப் புள்ளிகள் தெரிந்தால் பெரும்பாலும் பாராஹீமோலிட்டிகஸ். மஞ்சளாக இருந்தால் காலராவோ என்று நெஞ்சு திக்கென்றாகும். குறிப்பு இல்லாமல் வரும் மாதிரியில் இது கண்ணில் படாமலே போகலாம்.

குளத்தில் குளித்த ஒரு பையனுக்கு ஏரோமோனாஸ் என்ற நன்னீர்க் கிருமி வந்தது. ஆக்சிடேஸ் சோதனையைச் செய்யாவிட்டால் இதைக் குடலில் சாதாரணமாக வாழும் ஈ.கோலை என்று எழுதிவிடுவது எளிது. காகிதத்தில் தேய்த்ததும் சில நொடிகளில் கருநீலம் ஏறியது, ஈ.கோலையில் அப்படி ஏறாது. எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் தட்டிலோ, ஆம்பிசிலின் தோய்த்த வில்லையின் விளிம்பு வரை கிருமி வளர்ந்து நின்றது. மற்ற வில்லைகளைச் சுற்றிக் கிருமி வளராத வெற்று வட்டங்களை ஸ்கேல் வைத்து அளந்தேன். இதற்கு அளக்க எதுவுமே இல்லை. ஏரோமோனாஸுக்கு அது பிறவிக்குணம். நம் மருந்துக்கடைகளைப் பழி சொல்ல முடியாது.

தக்கலை டீச்சர்

எதிர்ப்பும் நஞ்சும் வேறு வேறு என்பது சரிதான் தங்கச்சி, ஆனால் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தும் வரும். என் சித்தி மகள் ஹாம்பர்க்கில் நர்ஸ். 2011 மே மாதம் அவளுடைய ஆஸ்பத்திரியில் நல்ல திடகாத்திரமான பெண்கள் ரத்தப்போக்கோடு வந்து, சில நாளில் சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் படுக்கைக்குப் போனார்களாம். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய்மேல் பழி போட்டார்கள். கடைசியில் அகப்பட்டது முளைகட்டிய வெந்தயம். எகிப்திலிருந்து போன விதை. ஈ.கோலை ஓ104:எச்4 என்ற வகை. குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளும் இனம் ஒன்று, வைரஸ் வழியாக ஷிகா நஞ்சின் மரபணுவைப் பெற்றிருந்தது. போதாததற்கு செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாட்டிக்குகளை உடைக்கும் நொதியும் அதனிடம் இருந்தது. 3,800க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஷிகா நஞ்சு சுரக்கும் கிருமிக்குச் சில ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் நஞ்சு இன்னும் கூடலாம் என்பதால் அங்கே டாக்டர்களே தயங்கினார்களாம். இங்கே கடைக்காரர் தயங்குவதே இல்லை.

மார்த்தாண்டம் மருந்தாளுநர்

எல்லோரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் டீச்சர். செஃபிக்சிம் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள், மருந்துச் சட்ட விதிகளில் கூடுதல் கட்டுப்பாடுள்ள எச்1 பட்டியலில் வருகின்றன. நோயாளி பெயர், டாக்டர் பெயர், அளவு எல்லாம் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆஃப்லாக்சசின் அந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் அதற்கும் சீட்டு கட்டாயம். பட்டையின் நெடுக ஓடும் சிவப்புக் கோடு அதற்காகத்தான். சீட்டு கேட்டால் "நேற்று அந்தக் கடையில் கொடுத்தார்களே" என்று திட்டிவிட்டுப் போவார்கள். அந்த வியாபாரம் எனக்குப் போனதுதான். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை நீட்டினால், அதைக் கையால் தள்ளிவிட்டு மாத்திரை கேட்பவர்களே அதிகம்.

கருங்கல் சேவியர்

இதைப் படித்துவிட்டு மருந்தே வேண்டாம் என்று யாரும் இருந்துவிடாதீர்கள். என் அக்காள் மகனுக்குக் காய்ச்சலும் சளியோடு ரத்தமுமாகப் போனது. அது ஷிகெல்லா என்ற சீதபேதிக் கிருமி. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் கேட்காது என்று கல்ச்சரில் தெரிந்ததும் டாக்டர் மருந்தை மாற்றினார். அதன் பிறகுதான் பிள்ளை தெளிந்தான். ரத்தம் கண்டால் கஞ்சித் தண்ணீரோடு வீட்டில் காத்திருக்கக் கூடாது.

குளச்சல்காரன்

எல்லோருக்கும் நன்றி. மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன், பாதி நம்பினார். சிப்பியை எவ்வளவு நேரம் அவிக்க வேண்டும், கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போட வேண்டும் என்று கேட்கிறார்.

நாகர்கோவில் லேப்

சிப்பி வாய் திறந்த பிறகும் ஐந்து நிமிடம் கொதிக்கட்டும், திறக்காததை எறிந்துவிடுங்கள். வேகாத சிப்பி வைத்த பாத்திரத்தில் அவித்ததைப் போடாதீர்கள். கிணற்றுக்கு, நல்ல பவுடராக இருந்தால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் இரவில் ஊற்றிக் கலக்கிவிட்டு, காலையில் இறையுங்கள்.