ஸ்டீராய்டு பக்கவிளைவுக்குச் சீன மூலிகை: குடிக்கலாமா?

தேக்கா_மலர்: சிங்கப்பூரில் இருக்கிறேன். லூபஸுக்கு (எதிர்ப்புச் சக்தி நம் உடம்பையே தாக்கும் நோய்) பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஓடுகிறது. முகம் உப்பிவிட்டது, தூக்கமில்லை, உடம்பெல்லாம் சூடு. மெடிக்கல் ஹால் (சீன மருந்துக்கடை) சின்சே, அதாவது சீன வைத்தியர், மூலிகைக் கஷாயம் குடித்தால் அடங்கும் என்கிறார். குடிக்கலாமா?

வேர்_விரும்பி: தாராளமாகக் குடியுங்கள் அக்கா. ஷாங்காயில் ஷென் ஜியின் என்ற மருத்துவர் 1950களின் கடைசியிலேயே இந்த ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார். ‘சிறுநீரக யாங்’ (சீன மருத்துவம் சொல்லும் உடம்பின் சூட்டுச் சக்தி) குறைந்தவர்களின் சிறுநீரில், உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசாலின் கழிவும் குறைவு என்று அளந்து காட்டினார். சீன மருத்துவக் கணக்கில் ஸ்டீராய்டு சூடான மருந்து, உடம்பின் குளிர்ச்சியான ‘யின்’னை வற்றவைக்கும். நீங்கள் சொல்வது அதேதான். அதற்கு ஷெங்தி, ஜிமு, கன்சாவ் என்ற மூலிகைகள். ஷெங்தி, கார்ட்டிசால் சுரக்கும் அட்ரினல் சுரப்பியையும் காப்பாற்றும் என்கிறார்கள். மாத்திரையைக் குறைக்கும்போது சோர்வும் குளிரும் வரும். அப்போது யாங்கை ஏற்ற யின்யாங்ஹுவோ என்ற மூலிகை.

மருந்துக்கடை_மணி: கன்சாவ் நம் ஊர் அதிமதுரத்தின் பங்காளிச் செடி. அதிலுள்ள கிளைசிரைசின், சிறுநீரகத்தில் கார்ட்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கும். உப்பு தேங்கும், பொட்டாசியம் இறங்கும், பிபி ஏறும். போதாததற்கு பிரெட்னிசோலோன் உடம்பைவிட்டு வெளியேறுவதையும் தாமதப்படுத்தும். பக்கவிளைவைக் குறைக்கப் போய் ஸ்டீராய்டையே கூட்டிக்கொள்கிறீர்கள்!

வேர்_விரும்பி: அப்படியென்றால் குறைந்த ஸ்டீராய்டே போதும் என்று ஆகிறதே, அது நல்லதுதானே? கஷாயத்தில் கன்சாவ் சில கிராம்தான் சேரும்.

மருந்துக்கடை_மணி: எவ்வளவு குறைப்பது? ஒரு பொட்டலத்தில் இருப்பது அடுத்ததில் இருக்காது. அளவு தெரியாத ஒன்றை நம்பி மாத்திரையைக் குறைத்தால், இத்தனை நாள் மாத்திரையால் தூங்கிக்கிடக்கும் அட்ரினல் சட்டென்று எழுந்து வேலை செய்யாது. மயக்கம், வாந்தி, பிபி சரிவு, அப்புறம் அவசரப் பிரிவுதான். ஷென் அளந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் ஷெங்தி மனிதர்களிடம் அட்ரினலைக் காப்பாற்றுகிறது என்று சொல்லப் பெரிய, கட்டுப்பாடான சோதனை வேண்டும். எலியிலும் முயலிலும் செய்த சோதனை போதாது.

ஜூரோங்_செல்வா: இன்னொரு கூத்தும் உண்டு. லண்டனில் தோல் நோய்க்குக் கொடுத்த 11 சீன மூலிகைக் களிம்புகளைச் சோதித்து 1999இல் வெளியிட்டார்கள். 8இல் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு! இங்கேயும் மூட்டுவலிக்கென்று விற்ற ‘மூலிகை’ப் பொருள்களில் ஸ்டீராய்டு கண்டுபிடித்து, சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டுக்கு மாற்று என்று ஸ்டீராய்டையே விழுங்கினவர்கள் எத்தனை பேரோ.

வேர்_விரும்பி: அது கலப்படம் சார். திருடனுக்காக வைத்தியத்தைத் திட்டுவதா? பதிவுபெற்ற சின்சேயிடம் போனால் இந்தப் பயம் இல்லை.

மருந்துக்கடை_மணி: கலப்படத்துக்கு அந்தப் பதில் சரி. அதிமதுரத்துக்கு? அது சுத்தமாக இருந்தாலும் அதே வேலையைத்தான் செய்யும். மலர் அக்கா, பட்டியலை வாங்கி லூபஸ் டாக்டரிடம் காட்டுங்கள். கன்சாவ் இருந்தால் வேண்டாம். எலும்புக்குக் கால்சியம், வைட்டமின் டி வேண்டுமா என்றும் கேளுங்கள்.

தேக்கா_மலர்: பட்டியல் கேட்டேன். ‘தாத்தா காலத்துக் கலவை, சொல்லமாட்டேன்’ என்கிறார்.

வேர்_விரும்பி: சொல்லாத ஆளிடம் வாங்காதீர்கள். அதில் மணி சாரோடு எனக்குச் சண்டையில்லை. ஷெங்தி விஷயம் வேறு, அதை நான் விடப்போவதில்லை.